"கரு தரம் சரியில்லை" என்று சொன்ன பிறகு: லேப்புக்கு வரும் கேள்விகள்

கருத்தரிப்பு மையம் ஒன்றின் லேப்பில் எம்ப்ரியாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். டாக்டர் முட்டையை எடுத்துக் கொடுப்பார். அதை விந்தணுவோடு சேர்த்து, ஐந்தாறு நாள் வளர்த்து, திரும்ப டாக்டர் கையில் கொடுப்பது என் வேலை. இடைப்பட்ட நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் தம்பதிகளுக்கு போன் செய்து நிலவரம் சொல்வதும் நான்தான். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்கள். "தரம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொன்னதும் ஒரு மௌனம் வரும். அதன் பிறகு வருகிற கேள்விகள் எல்லா ஊர்க்காரர்களிடமிருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"தரம் சரியில்லைன்னா குழந்தை குறையோட பொறக்கும்னு அர்த்தமா மேடம்?"

இல்லை. முதலில் இந்த பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். தரம் என்று நாங்கள் சொல்வது, அந்தக் கரு கருப்பையில் ஒட்டி வளர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பற்றிய ஒரு கணிப்பு. அது பிறக்கப்போகும் குழந்தையின் மார்க் ஷீட் அல்ல. சுமாரான கருவிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பெரிய கோளாறுள்ள கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் ஆரம்பத்திலேயே கலைந்துவிடும்.

"ரிப்போர்ட்ல 3பிசின்னு போட்டிருக்கு. இது என்ன கணக்கு?"

மூன்றாம் நாள் கருவையும் ஐந்தாம் நாள் கருவையும் வேறு வேறு விதமாகப் பார்ப்போம். மூன்றாம் நாளில் சுமார் 8 செல் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், நடுவே உடைந்த துணுக்குகள் குறைவாக இருக்க வேண்டும். 4 செல்லில் நின்றுபோனதும், துணுக்குகளால் நிரம்பியதும் தரம் குறைந்தவை.

ஐந்தாம் நாள் கருவுக்குப் பெயர் பிளாஸ்டோசிஸ்ட். பேச்சில் 'பிளாஸ்டோ' என்போம். இதற்கு 1999-ல் கார்ட்னரும் ஸ்கூல்கிராஃப்ட்டும் வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலான லேப்கள் பின்பற்றுகின்றன. முதலில் வரும் எண் (1 முதல் 6 வரை) கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் காட்டும். அடுத்த எழுத்து உள்ளே திரண்டிருக்கும் செல் கூட்டத்துக்கு. குழந்தையாக ஆவது அதுதான். கடைசி எழுத்து வெளிச்சுற்றுக்கு. நஞ்சுக்கொடி அதிலிருந்து வரும். இரண்டு எழுத்திலும் ஏ என்றால் நன்று, பி சுமார், சி குறைவு. ஆக, 3பிசி என்றால் உள்ளே திரவம் முழுதாக நிரம்பிய கரு, உள்திரட்சி சுமார், வெளிச்சுற்றில் செல்கள் குறைவு.

மைக்ராஸ்கோப்பில் நல்ல பிளாஸ்டோ எப்படி இருக்கும் என்றால், கண்ணாடி வளையலுக்குள் ஓர் ஓரமாகக் கொஞ்சம் ஜவ்வரிசி ஒட்டிக்கொண்டிருப்பது போல. சுமாரானதில் அந்த ஜவ்வரிசி நாலைந்தாகச் சிதறிக் கிடக்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே கருவை நானும் என் பக்கத்து மேசைக்காரரும் பார்த்தால், நான் பி என்பதை அவர் சி என்று எழுதக்கூடும். காலையில் சுருங்கியிருந்தது மதியம் விரிந்தும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் கண்ணுக்குத் தெரிந்த தோற்றம்தான் அந்த எழுத்து.

"பன்னெண்டு முட்டை எடுத்தாங்க. இப்ப ரெண்டு கருதான்னு சொல்றீங்க. மீதி எங்க போச்சு?"

யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரியே கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் இந்தக் கணக்கை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. 12 முட்டையில் 9 அல்லது 10 முதிர்ந்ததாக இருக்கும். அவற்றில் ஏழு போல மறுநாள் காலை கருவுற்றிருக்கும். ஏழில் மூன்று, சில சமயம் நான்கு, ஐந்தாம் ஆறாம் நாளில் பிளாஸ்டோ ஆகும். இது நன்றாகப் போகிற ஒரு சிகிச்சைச் சுற்றின் கணக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்வது இயற்கை. வீட்டில் இயல்பாகக் கருத்தரிக்கும்போதும் இப்படித்தான் உதிர்கிறது, அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டிரிக்கர் ஊசி விஷயம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. முட்டை எடுப்பதற்கு சுமார் 35, 36 மணி நேரம் முன்பு போடுகிற கடைசி ஊசி அது. இரவு 10:30 என்றால் 10:30. அது தவறினால் முதிராத முட்டைகள் அதிகமாக வரும்.

"கோளாறு எங்கிட்டயா, அவர்கிட்டயா?"

முதல் மூன்று நாள் கரு பெரும்பாலும் முட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்துத்தான் ஓடும். 4 செல் முதல் 8 செல் வரையான கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். அதனால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தடுமாறினால் முட்டையின் பக்கம் பார்ப்போம். மூன்றாம் நாள் வரை அழகாக இருந்து, அப்புறம் எல்லாமே ஒன்றாக நின்றுபோனால் விந்தணுவையும் சந்தேகிப்போம். இது ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை. பல சுற்றுகளில் இரண்டு பக்கமும் கலந்தே இருக்கும். விந்தணு 'கவுண்ட்' நன்றாக இருப்பதாலேயே உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த டி.என்.ஏ. உடைந்திருக்கிறதா என்று பார்க்க டி.எஃப்.ஐ. என்ற டெஸ்ட் தனியாக இருக்கிறது.

ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இருவரும் கேட்கும்போது இந்தக் கேள்வி வந்தால் நான் பதில் சொல்ல மாட்டேன். நேரில் வாருங்கள் என்பேன். ஒருவரைக் கைகாட்டுவதற்கு ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அது அந்த வீட்டில் வருஷக்கணக்காக ஓடும்.

"எனக்கு 29 தான் ஆகுது. ஏ.எம்.எச். கூட நல்லா இருக்கு. அப்புறம் ஏன்?"

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை முட்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. ஒரு பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். அவை குரோமோசோமைப் பாதி பிரித்த நிலையில் அப்படியே உறைந்து நிற்கும். 40 வயதில் வெளிவரும் முட்டை 40 வருஷம் காத்திருந்த முட்டை. பிரிந்து முடிக்கும் வேலையில் பிழை வருவது 35-க்கு மேல் கூடிக்கொண்டே போகும். 40-ஐத் தாண்டும்போது பாதிக்கு மேற்பட்ட கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும்.

ஆனால் 29 வயதிலும் சுமார் கால்வாசிக் கருக்களில் இந்தப் பிழை இருக்கும். அதுபோக, கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் நிறைய முட்டை வந்தாலும் முதிராதவை அதிகம் இருக்கலாம். ஊசியின் அளவு உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். சில சமயம் அந்த மாதத்து முட்டைக் கூட்டமே சரியில்லாமல் இருந்திருக்கும். அதே பெண்ணுக்கு நான்கு மாதம் கழித்து, மருந்தைக் கொஞ்சம் மாற்றியதும் வேறு மாதிரி கருக்கள் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றை ஒரு பரிசோதனை என்று எடுத்துக்கொள்ளச் சொல்வேன், கட்டணம் கட்டியவர்களுக்கு அது கசப்பாக இருந்தாலும்.

"கேட்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க, லேப்ல ஏதாவது தப்பு நடந்திருக்குமா?"

தப்பாக நினைக்க எதுவும் இல்லை. கரு 37 டிகிரியில், குறைந்த ஆக்சிஜனில் இருக்க வேண்டும். காற்றில் பெயின்ட் வாசனை, செண்ட் வாசனை வந்தாலே அதற்கு ஆகாது. அதனால்தான் கரு வைக்கும் நாளில் செண்ட் போடாமல், பூ வைக்காமல் வரச் சொல்கிறோம். லேப் சரியில்லாவிட்டால் நல்ல முட்டையும் வீணாகும், அது உண்மை.

எனவே கேளுங்கள். என் வயதுக்காரர்களில் உங்கள் மையத்தில் எத்தனை சதவீதம் முட்டை கருவுறுகிறது? கருவுற்றதில் எத்தனை பிளாஸ்டோ ஆகிறது? அதே வாரம் மற்றவர்களின் கருக்கள் எப்படி இருந்தன? நல்ல லேப்பில் இந்த எண்கள் மாதாமாதம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். "அதெல்லாம் எதுக்கும்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால் இன்னொரு இடத்தில் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் சுற்றின் முழு ரிப்போர்ட்டை, நாள் வாரியாக, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலர் பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"பஸ்ல அலைஞ்சது, டென்ஷன் ஆனது, பப்பாளி சாப்பிட்டது... இதுல எதனால?"

எதனாலும் இல்லை. கரு எங்கள் இன்குபேட்டரில் இருந்தபோது நீங்கள் பஸ்ஸில் போனது அதை எப்படித் தொடும்? டென்ஷனைப் பற்றி 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 3,583 பெண்கள். சிகிச்சைக்கு முன் மன உளைச்சலோடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கருத்தரிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. "நீ டென்ஷன் ஆகாம இருந்தாலே நிக்கும்" என்று யாராவது சொன்னால், அழுவதற்கும் சேர்த்துப் பயப்பட வைக்கிறார்கள் என்று அர்த்தம். அழுங்கள், கருவுக்கு ஒன்றும் ஆகாது.

"கோ-க்யூ டென், டி.எச்.இ.ஏ., பி.ஆர்.பி... இதெல்லாம் போட்டா தரம் ஏறுமா?"

உருவாகிவிட்ட கருவின் தரத்தை ஏற்ற எந்த மருந்தும் கிடையாது. அடுத்த சுற்றின் முட்டைக்காகச் சில மாத்திரைகள் கொடுப்பார்கள். கோ-க்யூ டென் பெரிதாகக் கெடுதல் செய்யாது, பலன் உண்டா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டி.எச்.இ.ஏ. ஒரு ஹார்மோன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்கி விழுங்குகிற சமாச்சாரம் இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளேட்லெட் நிறைந்த திரவத்தை, அதாவது பி.ஆர்.பி.யை, சினைப்பையில் போடுவது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, கட்டணம் மட்டும் ஆராய்ச்சி நிலையைத் தாண்டிவிட்டது. கருவைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும் டைம்-லாப்ஸ் இன்குபேட்டர் எங்களுக்கு வசதிதான். ஆனால் அதனால் குழந்தை பிறப்பு கூடவில்லை என்று 2024-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது.

செலவில்லாதவற்றில் பலன் உள்ளவை: தைராய்டையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவது, எடை அதிகமாக இருந்தால் கொஞ்சமாவது குறைப்பது, புகையை வீட்டுக்குள்ளேயே விடாமல் இருப்பது. டாக்டர் எழுதிய ஃபோலிக் ஆசிடை விடாமல் போடுங்கள், அது குழந்தையின் தண்டுவடத்துக்காக.

"என் வீட்டுக்காரர் என்ன செய்யணும்?"

இதைக் கேட்பது எப்போதும் மனைவிதான். கணவர் கேட்டு நான் பதில் சொன்னது விரல் விட்டு எண்ணலாம். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். அதனால் இன்று நிறுத்தும் சிகரெட்டின் பலன் மூன்றாவது மாதம்தான் தெரியும். சிகரெட், குட்கா, டாஸ்மாக் மூன்றையும் விட வேண்டும். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவர்கள், வெல்டிங் பட்டறையில் இருப்பவர்கள், நாள் முழுக்க லாரி ஓட்டுபவர்கள் எல்லாம் விதைப்பைக்குச் சூடு அதிகம் வாங்குகிறவர்கள், டாக்டரிடம் வேலையைச் சொல்ல வேண்டும். விதைப்பையில் ரத்தக் குழாய்கள் வீங்கும் வெரிகோசீல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தனியாகச் சொல்கிறேன். உடம்பு ஏறும், விந்தணு உற்பத்தி நின்றே போகலாம். கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாமல் ஆறு மாதம் தேடுவோம்.

"மூணாம் நாளே வெச்சிடலாமா, அஞ்சாம் நாள் வரைக்கும் விடலாமா?"

கருக்கள் நிறைய இருந்தால் ஐந்தாம் நாள் வரை விட்டால் எது வலுவானது என்று தெரியும். ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது, அதுவும் சுமார் என்றால் மூன்றாம் நாளே வைக்கலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாதபோது காத்திருந்து என்ன பயன் என்பது அவர்கள் வாதம். ஐந்தாம் நாள் வரை விட்டு ஒன்றும் மிஞ்சாமல் போனால், வைத்துவிட்டு 14 நாள் காத்திருந்து ஏமாறுவதாவது தப்பும் என்று நினைப்பவர்களும் உண்டு. எந்த ஏமாற்றத்தை உங்களால் தாங்க முடியும் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் முடிவில் ஒரு பங்கு.

"சி கிரேடு கருவை வெச்சா காசு வேஸ்ட்தானே?"

வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. சி போட்டு அனுப்பிய கரு பிள்ளையாகி, அந்தப் பிள்ளை எங்கள் ரிசப்ஷனில் டெலிபோன் ஒயரைப் பிடித்து இழுத்ததும் உண்டு. 4ஏஏ போட்டு, எல்லோரும் கூடி நின்று பார்த்து ரசித்த கரு ஒட்டாமல் போனதும் உண்டு. ஏனென்றால் மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் தெரியாது. வளர்ச்சி நின்றுபோன கருவை மட்டும் நாங்களே வேண்டாம் என்போம்.

"தரம் கம்மிதானே, ரெண்டு மூணு சேர்த்து வெச்சிட்டா?"

சில நேரம், வயதையும் தரத்தையும் பார்த்து இரண்டு வைப்பார்கள். ஆனால் மேலே சொன்னது நினைவிருக்கட்டும்: சி என்று எழுதியதும் ஒட்டலாம். இரண்டும் ஒட்டினால் குறைமாதப் பிரசவம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வாரக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் வரக்கூடும். "ஒரே செலவுல ரெண்டு" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

"ஜெனட்டிக் டெஸ்ட் செஞ்சா நல்லதைக் கண்டுபிடிச்சிடலாம்னு சொல்றாங்களே? ஆணா பெண்ணான்னும் தெரிஞ்சிடுமாமே?"

பி.ஜி.டி.-ஏ என்ற டெஸ்டில் பிளாஸ்டோவின் வெளிச்சுற்றிலிருந்து சில செல்களை எடுத்துக் குரோமோசோம் எண்ணிப் பார்ப்பார்கள். இது இருக்கிற கருக்களில் எது என்று தேர்ந்தெடுக்க உதவும், கெட்டதை நல்லதாக்காது. 2019-ல் வெளிவந்த ஸ்டார் ஆய்வில் 25 முதல் 40 வயதுப் பெண்களுக்கு மொத்தமாகப் பார்த்தால் கர்ப்பம் கூடவில்லை. திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் டாக்டர் யோசிக்கலாம். ஒரே ஒரு கரு வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு எதற்கு என்பது என் எண்ணம். கலப்பு முடிவு வந்த கருவும் உண்டு, 'மொசைக்' என்பார்கள். அப்படிப்பட்ட 18 கருக்களை வைத்து 6 ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததாக 2015-ல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே டெஸ்டும் கடைசி வார்த்தை இல்லை.

ஆணா பெண்ணா என்பதைச் சொல்வது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம். அடுத்த கேள்வி.

"இன்னும் எத்தனை தடவை? நகை எல்லாம் முடிஞ்சிருச்சு."

பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், முதல் சுற்றில் குழந்தை பெற்றவர்கள் சுமார் 30 சதவீதம், ஆறு சுற்றுக்குள் சுமார் 65 சதவீதம். அதாவது, ஒரு தடவை தோற்றதும் முடிந்துபோவதில்லை. அதே ஆய்வில் 42-க்கு மேல் சொந்த முட்டையில் வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கரு நின்றுபோனால், மருந்தையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றால், நான்காவது தடவைக்கு முன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இது உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன சொல்வீங்க?"

எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்ற எல்லையைச் சுற்று தொடங்கும் முன்பே இருவரும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். தோற்ற அன்றைக்குப் பேசினால் கையில் இருக்கும் வளையலும் போகும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தத்தெடுக்கும் எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் அதையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி.

"டோனர் முட்டை போட்டா அது என் குழந்தையா இருக்குமா?"

சட்டம் 'ஆம்' என்கிறது. 2021-ம் வருஷச் சட்டப்படி பிறக்கும் குழந்தை உங்கள் இருவரின் குழந்தை, டோனருக்கு எந்த உரிமையும் இல்லை. முட்டை பதிவு பெற்ற வங்கி வழியாக வர வேண்டும். கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே தடவை, அதிகபட்சம் 7 முட்டை.

மனம் என்ன சொல்கிறது என்பது வேறு. ஓர் அக்கா என்னிடம், "முட்டை யாரோடதோ, ஒன்பது மாசம் ரத்தம் என்னுதுதானே?" என்று கேட்டார். இன்னொருவர் ஒரு வருஷம் யோசித்து வேண்டாம் என்று விட்டார். இரண்டு பேர் முடிவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. டோனர் என்ற வார்த்தை வந்த அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

"வீட்ல மாமியார் தினமும் 'என்னாச்சு'ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?"

எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் இன்னும் பாத்துட்டு இருக்காங்க அத்தை, ஏதாவது இருந்தா உங்க பையன் சொல்வாரு" என்ற ஒரே வாக்கியத்தை எல்லாருக்கும் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பதில் சொல்வது மகன் பொறுப்பு என்று அவரிடமும் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தச் சமயத்தில் யாராவது வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கலாம். பின்னால் ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"போன் அடிச்சாலே கை நடுங்குது. தூக்கமே இல்ல."

எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு அழைப்போம் என்று லேப்பிடம் கேட்டு வாங்குங்கள். மற்ற நேரம் வரும் போன் எங்களுடையது இல்லை என்றாவது தெரியும். உங்களுக்குப் பதில் கணவரையோ தங்கையையோ அழைக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லலாம், தயாரான பிறகு திறந்து பாருங்கள். ஓர் ஆசிரியை, வகுப்பு நேரத்தில் அழைக்காதீர்கள், நாலரைக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் நின்று நானே கூப்பிடுகிறேன் என்றார். ஐந்து நாளும் அப்படியே செய்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மையத்தில் கவுன்சிலரைக் கேளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கணவர் ஒன்றும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றினால், அவருக்கு வருத்தமில்லை என்று எண்ண வேண்டாம். அந்த எண் அவருக்கும் உண்டு.

"திருக்கருகாவூர் கோயில் நெய் சாப்பிடலாமா?"

தாராளமாக. ஊசியையும் மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிடுங்கள். பெயர் தெரியாத சூரணம், லேகியம் என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு.

"வளராத கருவை என்ன பண்ணுவீங்க?"

கடைசியில், தயங்கித் தயங்கி வருகிற கேள்வி இது. ஐந்தாம் நாள் நின்றதாகத் தெரிந்தாலும் உடனே எடுத்துப்போட மாட்டோம். ஆறாம் நாளும் பார்ப்போம், மெதுவாக வந்து சேர்கிறவை உண்டு. அப்புறமும் அசைவில்லை என்றால், இருவர் பார்த்துக் கையெழுத்திட்டு, நீங்கள் ஆரம்பத்தில் ஒப்புதல் கொடுத்தபடி அப்புறப்படுத்துவோம்.

"ஒரு தடவை பாக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். லேப்புக்குள் வெளியாட்கள் வர முடியாது. மைக்ராஸ்கோப்பின் படத்தை வெளி அறை மானிட்டருக்கு அனுப்பினேன். கணவனும் மனைவியும் நின்று பார்த்தார்கள். ஐந்து செல், கொஞ்சம் துணுக்குகள். "இவ்ளோ அழகா இருக்கே" என்றார் அந்த அம்மா. நான் எழுதியிருந்த கிரேடு பக்கத்திலேயே திரையில் இருந்தது, இருவரும் அதைப் பார்க்கவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் காட்டுகிறேன்.